வசந்தம் வராத ஊரில் பூப்பதும் தைப்பதும்

மலேசியாவின் ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே பத்து நிமிடம் அளவுதான் வித்தியாசம். லண்டனில் அது எட்டு மணி நேரத்தைத் தாண்டும். குளிர்நாட்டு வீட்டுக் கலைகளைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி நமக்கு ஏன் பொருந்தாமல் போகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அங்கே குளிர்காலம் முழுவதும் கணப்பருகே உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள்; பனி உருகியதும் ஊசியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். தையலும் பூவும் ஆண்டை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே அப்படிப் பங்கிட எதுவும் இல்லை. ஜனவரியிலும் வெயில் முப்பது பாகையைத் தொடும், ஜூலையிலும் தொடும். ஆனாலும் ஜொகூரின் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளில் பூச்செடி இல்லாத வாசல் அரிது. தையல் இயந்திரம் ஓடிய வீடுகளில் வெட்டுத்துணி அடைத்த பை ஒன்று அலமாரிக்குள் இருக்கும். பருவம் கட்டளையிடாத ஊரில் இந்த இரண்டையும் எதற்காகச் செய்வது, எப்படிச் செய்வது? வீட்டின் மிச்சத்திலிருந்து தொடங்கி, இந்த மண்ணின் மழைக்கணக்கைப் பார்த்துச் செய்தால் இவை குடும்பத்துக்குப் பலம் சேர்க்கும் என்றும், குளிர்நாட்டுப் பொருளையும் நாட்காட்டியையும் கடையில் வாங்கித் தொடங்கினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும் என்றும் நான் கருதுகிறேன். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பூ. குளிர்நாட்டுச் செடிகள் பெரும்பாலும் இரண்டு அறிகுறிகளைப் பார்த்தே பூக்கும் காலத்தை அறிகின்றன: பகலின் நீளம், குளிரின் அளவு. துலிப் கிழங்கு பல வாரம் தொடர்ந்து குளிரில் கிடந்தால்தான் உள்ளே பூந்தண்டு நீளும். ஜொகூர் மண்ணில் அதை நட்டால் இலை விட்டு அழுகிப் போகும். சாமந்திக்கு இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். அதனால் கேமரன் மலையின் கூடாரப் பண்ணைகளில் இரவில் விளக்கெரித்து அதன் பூப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். வேண்டிய நேரத்தில் விளக்கை அணைத்துப் பூக்க வைக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு முன் ஜொகூர் நாற்றங்கால் கடைகளில் வரிசையாக நிற்கும் சாமந்தித் தொட்டிகளிலும் ஹைட்ராஞ்சியாத் தொட்டிகளிலும் பல இப்படி மலைக்குளிரில் வளர்ந்து லாரியில் இறங்கி வந்தவை. விழா நாளுக்கு அவை அழகுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் பூக்கும் என்று நம்பி அவற்றைத் தரையில் நடுகிறவர் தன் கையில் ராசியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் செடி எதிர்பார்க்கும் குளிர் இந்த ஊரில் என்றைக்கும் வரப்போவதில்லை.

நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களும் இங்கே அப்படியே பொருந்தாது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழகத்தின் வெயிலையும் காற்றையும் பார்த்து வகுத்த கணக்கு. மெர்சிங் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டும். கோத்தா திங்கியும் சிகாமாட்டும் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் மூழ்கியது அந்தப் பருவத்தில்தான். பிறகு பிப்ரவரியை ஒட்டி மழை சற்று ஓயும். ஆண்டின் நடுவில் இன்னொரு முறை காயும். இந்த ஊர்ச் செடிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நாட்காட்டி: சில வாரம் வறட்சி, பிறகு மழை. சாலையோரத்தில் நிற்கும் தெக்கோமா மரங்கள் வறட்சிக்குப் பிறகு, பெரும்பாலும் மார்ச், ஏப்ரலை ஒட்டியும் ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டியும், இளஞ்சிவப்பாகக் கொட்டுவது இதனால்தான். ஜப்பானின் சகுராவுடன் அதை ஒப்பிட்டுப் படம் எடுக்கிறார்கள். சகுரா குளிரைக் கடந்து பூக்கிறது, இது தாகத்தைக் கடந்து பூக்கிறது.

இன்னும் வியப்பானது புறா ஆர்க்கிட். மலாய்க்காரர்கள் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள். பழைய மழைமரங்களின் கிளையில் தொற்றி வளரும் இந்தச் செடி மொட்டுகளைச் சிறு அளவிலேயே நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. பெருமழை ஒன்று வந்து வெப்பம் திடீரென ஐந்து பாகை அளவுக்கு இறங்கினால் மொட்டு விழித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் வெள்ளையாக மலரும். மறுநாள் பூ இருக்காது. எல்லாம் ஒரே நாளில் பூப்பதால் பூச்சிகள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்கு எளிதாகக் கொண்டுபோகின்றன. பெருமழை பெய்த நாளைக் குறித்துவைத்து ஒன்பது எண்ணினால், இந்தப் பூ வரும் நாளை எந்த வீட்டுப் பிள்ளையும் முன்கூட்டியே சொல்லலாம். இப்படிப்பட்ட நாட்காட்டி ஒன்று நம் தலைக்கு மேலேயே தொங்கும்போது அயல்நாட்டு வசந்தத்துக்கு ஏங்க வேண்டியதில்லை.

ஜொகூர்த் தமிழருக்கு இதைவிட நெருக்கமான பருவம் ஒன்று இருந்தது. ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி இலையைச் சிவக்க விட்டு உதிர்த்துவிடும். தோட்டம் முழுவதும் வெளிச்சம் இறங்கும்; தரையில் சருகு மெத்தையாகக் கிடக்கும். சில வாரங்களில் செம்புநிறத் தளிர் வரும், அதோடு இதழில்லாத சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் மணத்தோடு கொத்துக்கொத்தாக வரும். அந்த நாட்களில் பால் குறையும், பால் குறைந்தால் வருமானமும் குறையும். ஆகவே மரம் சீவியவர்களுக்கு அது வெறும் அழகுக்காலம் அல்ல. ஆனாலும் இலை விழுந்து தளிர்த்துப் பூக்கும் ஒரு முழுச் சுற்றை இந்த மண்ணில் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை ஒரேயடியாக இலையுதிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை, ஆண்டு முழுவதும் குலை. குளுவாங், லாபிஸ், கூலாய் வட்டாரத்துத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது மக்கள் வேலையை இழந்தார்கள், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டை இழந்தார்கள். ஒரு பருவத்தையும் இழந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை. இன்றைய தாமான் வீட்டின் வாசலில் பத்தடி இடத்தில் நிற்கும் காகிதப்பூவும் மல்லிகையும் கனகாம்பரமும் அந்த இழப்பைக் கொஞ்சமாவது ஈடுசெய்கின்றன. பருவத்தைத் தோட்டம் தந்த காலம் போய், வீடே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டிய காலம் வந்திருக்கிறது.

இனித் துணி. முப்பது பாகை வெயிலில் ஒட்டுத்துணிப் போர்வை எதற்கு என்பது நியாயமான கேள்வி. பஞ்சடைத்த கனமான போர்வையைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள் என்றால் பதிலும் எளிது: தேவையில்லை. ஆனால் துணித் துண்டுகளை இணைக்கும் கலை குளிருக்காக மட்டும் பிறந்ததில்லை. மலாய்க் குடும்பங்களில் தம்பால் செரிபு என்ற ஒட்டுத்தையல் வெகுகாலமாக உண்டு. தைத்து மீந்த காயின் பெர்ச்சாவை முக்கோணமும் சதுரமுமாக வெட்டிப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் செய்வார்கள். வங்காளத்தில் பழம் புடவையையும் வேட்டியையும் இரண்டு மூன்று அடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்தார்கள். தமிழ் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை விரிக்காமல் பாட்டியின் நைந்த நூல்புடவையை மடித்து விரிப்பது இன்றும் மறையாத வழக்கம். பலமுறை துவைத்த நூல்துணியின் மென்மையை எந்தப் புதுத்துணியும் தராது. வியர்வையை உறிஞ்சுவதிலும் அதற்கு இணையில்லை. வெப்பநாட்டில் ஒட்டுத்துணியின் வேலை இதுதான்: விரிப்பு, மழைநாளின் மெல்லிய போர்வை, தொட்டில் துணி. இப்போது இன்னொன்றையும் சேர்க்கலாம்: குளிர்சாதனம் ஓடும் அறையில் கால்மேல் போடும் துணி.

ஒட்டுத்துணி எங்கே பிறந்தாலும் பூவில் போய் முடிவது கவனிக்கத்தக்கது. காந்தாவின் நடுவில் பெரும்பாலும் தாமரை இருக்கும். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள்; அவர்களின் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். முடிந்ததும் நான்கு மூலையிலும் துணியை அடுக்கி மடித்துக் கூராகத் தைத்து வைக்கிறார்கள். அதற்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். பூ வைக்காத கவந்தி ஆடையில்லாமல் நிற்பதற்குச் சமம் என்பது அவர்கள் எண்ணம். சூடு தரவோ உறுதி தரவோ அந்த மூலைப்பூ உதவாது. இல்லாமையின் நடுவில், கிழிந்த சட்டையிலிருந்து வெட்டிய துண்டில், பயனைத் தாண்டிய ஒன்றை வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அது. அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஜொகூருக்கு மிக அருகில் நடந்த கதையும் இதையே சொல்கிறது. 1942 ஜனவரி நடுவிலிருந்து போர் ஜொகூர் வழியாகத் தெற்கே இறங்கியது. ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை பின்வாங்கி ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் பல பகுதிகளிலிருந்து தப்பி வந்திருந்த ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே எலிசபெத் என்னிஸ் என்பவர் சிறுமிகளைச் சேர்த்து சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அந்தச் சிறுமிகள் அவருடைய பிறந்தநாளுக்காக, கிடைத்த துணியையெல்லாம் அறுகோணமாக வெட்டி, பூப்பூவாக இணைத்து, தங்கள் பெயர்களையும் அதில் தைத்து ஒரு போர்வை செய்தார்கள். அது இன்று லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனியின் முயற்சியால் பெண்கள் மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயம்பட்டோருக்கு ஒவ்வொன்று. ஜப்பானியருக்கும் ஒன்று செய்ததால்தான் மற்ற இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது என்பார்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றையும் பெயரையும் தைத்தாள். ஊர்ப்பூக்கள் பல சதுரங்களில் மலர்ந்தன. வேறு சிறையில் இருந்த கணவனுக்கு மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிவிக்க வேறு வழியில்லாத நேரத்தில் அந்தச் சதுரமே கடிதமானது. மூன்றில் இரண்டு இப்போது கான்பெராவின் போர் நினைவகத்தில் உள்ளன.

அறுகோணத்தைச் சிறுமிகள் எடுத்துக்கொண்டதில் ஒரு கணிதமும் இருக்கிறது. ஒரே அளவுள்ள, பக்கமும் கோணமும் சமமான உருவங்களில் இடைவெளி விடாமல் தரையை நிரப்பக்கூடியவை மூன்றே: முக்கோணம், சதுரம், அறுகோணம். அறுகோணத்தின் மூலை 120 பாகை. மூன்று மூலை சேர்ந்தால் ஒரு முழு வட்டம். நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றி ஆறு வைத்தால் தானாகவே பூவின் வடிவம் வந்துவிடுகிறது. மிகச் சிறிய துண்டும் வீணாகாது, கையாலேயே தைக்கலாம், மடியில் வைத்துத் தைக்கலாம். துணிப்பஞ்சம் உள்ள இடத்தில் இதைவிட ஏற்ற முறை கிடைப்பது கடினம். அழகு, கணிதம், சிக்கனம் மூன்றும் ஓரிடத்தில் சந்திப்பதால்தான் இது பல நாடுகளில் பல தலைமுறையாக நிற்கிறது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். மல்லிகைக் கிளையை ஒடித்து நட்டால் மல்லிகை வரும். செம்பருத்தியும் காகிதப்பூவும் அப்படியே. கனகாம்பரத்தின் காய்ந்த காயில் நீர் பட்டால் அது வெடித்து விதையைத் தூக்கி எறியும். அடுத்த வீட்டுத் தொட்டியிலும் நாற்று முளைக்கும். பூத்தோட்டம் இயல்பிலேயே மிச்சத்திலிருந்து பெருகுவது. ஒட்டுத்துணியும் அதேதான். பத்து பகாட் நீண்ட காலமாக ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கேயும் தெருத் தையல்கடையிலும் வெட்டி ஒதுக்கும் துணிக்குக் குறைவில்லை. திடக்கழிவு பற்றிய 672ஆம் சட்டம் நடப்பில் உள்ள மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. இங்கே 2015 செப்டம்பர் முதல் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும். தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளுக்கு வாரம் ஒருநாள் தனி வண்டி வருகிறது, பழந்துணியும் பிரித்து வைக்க வேண்டியவற்றில் அடங்கும். சட்டம் கழிவு என்று பிரிக்கும் அதே இரண்டு குவியல்களிலிருந்து ஒரு வீட்டுக்கு வேண்டிய போர்வையும் பூவும் கிடைத்துவிடும் என்பது சாதாரண விஷயமில்லை. மேலும் மிச்சம் கைமாறும்போது உறவும் சேர்ந்து வருகிறது. அக்கம்பக்கத்து மலாய்க்கார மக்சிக் (அத்தை) கொடுத்த செம்பருத்திக் கிளைக்கு விலையில்லை. அதற்குப் பதிலாகப் போகும் கறிவேப்பிலைக் கன்றுக்கும் விலையில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை. முதலாவது விலை. சில பத்து ரிங்கிட்டுக்கு ஆயத்தப் போர்வை கிடைக்கும்போது மாதக்கணக்கில் உட்கார்ந்து தைப்பது எந்தக் கணக்கில் சேரும்? நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் கையால் தைத்த போர்வை எந்தக் காலத்திலும் தோற்கும். ஆனால் அளவுகோல் அதுவாக இருந்தால் வீட்டில் செய்யும் முறுக்கும் தோற்கும், வாசற்கோலமும் தோற்கும். வேறொரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடைப்போர்வைகளில் பல பாலியஸ்டர்; இந்த ஈரக்காற்றில் வியர்வையைப் பிடித்துவைக்கும், கிழிந்தால் குப்பைக்குத்தான் போகும். நூல்துணி ஒட்டுப்போர்வையில் கிழிந்த துண்டை மட்டும் பிரித்துப் புதுத்துண்டு வைக்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளிலிருந்து செய்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கலைப்படைப்புகளாக வைக்கப்பட்டன. அவற்றைத் தைத்தபோது அந்தப் பெண்கள் அருங்காட்சியகத்தை நினைக்கவில்லை. வீட்டில் இருந்ததைக் கொண்டு வீட்டுக்கு வேண்டியதைச் செய்தார்கள். விலை பற்றிய எதிர்ப்பு உண்மையில் யாருக்குப் பொருந்தும் என்றால், அளவாக வெட்டி அடுக்கிய வெளிநாட்டுத் துணிக்கட்டும் தனிக் கத்தியும் தனிப் பலகையும் வாங்கித் தொடங்குபவருக்குத்தான். அங்கே செலவு உண்மையிலேயே கையை மீறும். பழம் புடவையும் அலமாரியிலேயே கிடக்கும்.

மிச்சத்தில் தைப்பது என்றால் ஏனோதானோ என்று தைப்பதில்லை. ஜொகூருக்கு ஏற்ற போர்வைக்கு நடுவில் பஞ்சு வேண்டாம். மேலே ஒட்டுத்துணி, கீழே ஒரு நூல்புடவை, இரண்டையும் சேர்க்கும் ஓட்டுத்தையல் போதும். பஞ்சு வைத்தால் மழைக்காலத்தில் காயாது, பூஞ்சை பிடிக்கும். முன்பு மெத்தைக்கும் தலையணைக்கும் அடைத்த இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும் என்பதால் போர்வைக்கு ஆகாது. எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும். புது நூல்துணி முதல் சலவையில் சுருங்கும், பாலியஸ்டர் அவ்வளவாகச் சுருங்காது. இரண்டையும் அப்படியே கலந்து தைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை சுருக்கம் விழுந்து நிற்கும். பாத்தேக் துணியைத் தனியே ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பது நல்லது. நூலோட்டத்துக்கு நேராக வெட்டினால் துண்டு இழுபடாது. தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, அதை எல்லாத் துண்டிலும் ஒரே அளவாகப் பிடிக்க வேண்டும். வரிசைக்கு 12 துண்டு என்றால் 11 இணைப்பு. ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலம் பிசகினால் வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் தவறிவிடும், அடுத்த வரிசையோடு சேரவே சேராது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும்போது எந்தத் தளர்ந்த போர்வையையும் மேலே போடக்கூடாது. விழித்து விளையாடும்போது அடியில் விரிக்கலாம்.

இரண்டாவது எதிர்ப்பு கொசு. டிங்கி காய்ச்சல் ஜொகூரில் ஆண்டு முழுவதும் உள்ள ஆபத்து. பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். 1975ஆம் ஆண்டின் சட்டப்படி வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. ஆகவே பூ வேண்டாம் என்று சிலர் முடிவெடுப்பதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் ஏடிஸின் வாழ்க்கை முறையே வழியையும் காட்டுகிறது. முட்டை கொசுவாகக் குறைந்தது ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டினால் சுற்று அறுந்துவிடும். வெறுமனே கொட்டுவதும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னும் நல்லது, தட்டையே எடுத்துவிடுவது. ஜொகூர் மழையில் செடிக்குத் தட்டுநீர் தேவைப்படுவதில்லை. காகிதப்பூவுக்கோ அது கேடு: வேர் நன்றாகக் காய்ந்து, இலை வாடத் தொடங்கும் கட்டத்தில்தான் அது வண்ணத்துக்கு மாறும். நாம் பூ என்று ரசிப்பது அதன் வண்ண இலைகள். உண்மையான பூ நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழல். தினமும் இரண்டு வேளை அன்போடு நீர் ஊற்றுகிறவரின் காகிதப்பூ இலையாகவே நிற்கும். மல்லிகை புதுக்கொழுந்தில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்து உரம் வைத்து நல்ல வெயிலில் விட வேண்டும். கவாத்து செய்த கிளைகளே அடுத்த வீட்டுக்குப் போகும் கன்றுகள்.

மூன்றாவது எதிர்ப்புதான் எனக்கு மிகக் கனமானதாகத் தெரிகிறது. வீட்டுத் தையலையும் வாசல் செடியையும் புகழ்வது, வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் பெண் மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகாதா? விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் பெண்களும் ஏராளம். அவர்களிடம் போய்ப் போர்வை தையுங்கள் என்று சொல்வது கொடுமை. இந்த எதிர்ப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் இவை பெண்ணின் கடமை என்ற பேச்சே கூடாது என்கிறேன். தையற்கடைகளில் இயந்திரத்தின் முன் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! பூக்கட்டும் தொழிலிலும் அப்படித்தான். கடையில் ஆண் செய்தால் தொழில், வீட்டில் பெண் செய்தால் கடமை என்ற பிரிவைத்தான் முதலில் கைவிட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஓட்டுத்தையல் போடக் கற்க ஒரு பிற்பகல் போதும். அறுகோணப் போர்வைக்கு அவசரமும் இல்லை. வாரம் ஒரு பூ என்று குடும்பமே மாற்றி மாற்றித் தைத்தால் ஓராண்டில் ஒரு தொட்டில் விரிப்புக்கு ஆகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தரை இல்லையே என்று வருந்துவதும் இங்கே சேரும். மேற்குப் பார்த்த தாழ்வாரத்தின் சுடும் வெயில், காகிதப்பூவும் பாலைவன ரோஜாவும் விரும்பும் வெயில்தான். ஒன்றிரண்டு தொட்டி போதும், கம்பிக்கு வெளியே தொங்கவிடாமல் உள்ளே வைத்தால்.

சாங்கிப் போர்வைகளை நினைக்கும்போது ஒரு வேதனையும் கூடவே எழுகிறது. அந்தப் பெண்களும் சிறுமிகளும் தைத்த பெயர்கள் கான்பெராவிலும் லண்டனிலும் பத்திரமாக உள்ளன. அதே 1942, 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தத் துணியிலும் இல்லை, எந்தக் கல்லிலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இன்னொரு முறை பெயர்கள் கலைந்தன. ஜொகூரில் எழுபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தெப்ராவ், ரினி போன்ற பல பள்ளிகள் தோட்டம் மறைந்த பின்பும் தோட்டம் எனப் பொருள்படும் லாடாங் என்ற மலாய்ச் சொல்லைப் பெயரில் சுமந்து நிற்கின்றன. அந்தப் பள்ளிகளில் ஒவ்வொன்றும் ஒரு பெயர்ப்போர்வை தைக்கலாம். சாங்கியின் அளவே பொருத்தமானது: ஆறங்குலச் சதுரம், 66 துண்டு. ஒரு குடும்பம் ஒரு சதுரம். தாத்தா பாட்டி பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து வாசலில் நின்ற பூவின் உருவம். துணி அந்த வீட்டுப் பழம் புடவையோ வேலைச் சட்டையோ ஆகட்டும். அந்தப் பூவின் கிளை இன்னும் யாரிடமாவது இருந்தால் பள்ளி வளாகத்தில் நட்டுப் பெயர்ப்பலகை வைக்கலாம். போர்வையை நூலகத்தில், நேர் வெயில் படாத சுவரில், பின்புறம் காற்றுப் போக ஒரு அங்குல இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். மடித்து வைப்பதானால் மடிப்பை ஆண்டுக்கு இருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே நூல் அறும். பெயர்களைப் பருத்தி நூலால் பின்தையலில் தைப்பது நல்லது. துணியில் எழுதும் மை இந்த ஊர் ஈரத்தில் சில ஆண்டுகளில் மங்கிவிடும்.